மலையோர ஊர் தன் காட்டைத் திரும்பப் பெறுவது எப்படி: ஆனைகட்டி, அட்டப்பாடி எல்லைப் பகுதிக்கு ஒரு வழிகாட்டி

ஆனைகட்டியை ஒட்டித் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் எல்லையாக ஓடும் கொடுங்கரைப்பள்ளம், மேலே இருந்த காடு அழிந்தபின் மழைநாளில் மட்டும் நீர் காணும் ஓடையாகச் சுருங்கிப்போனது. 1996-இல் ஜப்பானியக் கடனுதவியுடன் ஏறத்தாழ 219 கோடி ரூபாய் மதிப்பில் கேரள அரசு தொடங்கிய அட்டப்பாடி மேம்பாட்டுத் திட்டத்தில், தரிசாகக் கிடந்த சரிவுகளில் வரப்புகளும் தடுப்பணைகளும் கட்டப்பட்டன. ஊர்தோறும் குழு அமைத்து மரம் வளர்க்கப்பட்டது. சில ஆண்டுகளில் பள்ளத்தில் மீண்டும் நீர் ஓடியது. அதை நடத்திய அட்டப்பாடி மலைப்பகுதி மேம்பாட்டுச் சங்கத்தின் ஆங்கிலச் சுருக்கப் பெயரால் ‘அஹாட்ஸ்’ என்று இரு பக்கத்து மக்களும் இன்றும் பேசும் அந்த முயற்சி, சீரழிந்த மலையை மீட்க முடியும் என்பதற்கு நம் கண்முன் உள்ள சான்று. 2010-இல் திட்ட காலம் முடிந்து நிதி நின்றதும் அந்த அமைப்பு தளர்ந்துபோனது. காட்டை வைத்து ஊர் பிழைக்கும் வழியும் அதைக் காக்கும் அதிகாரமும் ஊர்க்காரர் கையில் சட்டப்படி நிலைத்தால்தான், மீட்ட காடு நிற்கும் என்பதை அந்தத் தளர்ச்சி காட்டுகிறது.

எல்லையின் இரு பக்கமும் உள்ள ஊராட்சி உறுப்பினர்கள், மகளிர் குழுக்கள், ஊர் மூப்பர்கள், படித்துவிட்டு ஊரிலேயே இருக்கும் இளைஞர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். மரக்கன்று நடுவதைப் பற்றிய பகுதி பின்னால்தான் வரும். அதற்கு முன் செய்து முடிக்க வேண்டியவை நிறைய உள்ளன.

காடு எதனால் போனது என்று எழுதி வையுங்கள்

ஊர்க்கூட்டத்தில் முதியவர்களை வைத்துக்கொண்டு, எந்தச் சரிவில் எந்தக் காலத்தில் காடு போனது, எதனால் போனது என்று இடவாரியாகக் கேட்டு எழுதுவதே முதல் வேலை. நம் பகுதியில் ஒரே காரணம் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. ஓரிடத்தில் ஒப்பந்தக்காரர்கள் மரம் எடுத்திருப்பார்கள். இன்னோரிடத்தில் குடியேறியவர்கள் கடலையும் பருத்தியும் போடச் சரிவைத் திருத்தியிருப்பார்கள். தடாகம் பள்ளத்தாக்கில், 2021-இல் மூடப்படும்வரை நடந்த செங்கல் சூளைகளுக்குச் செம்மண் தோண்டியதில் ஓடைக்கரைகள் குடைந்துபோயின. வேறு சில இடங்களில் தலைச்சுமை விறகும், ஆட்டுப் பட்டியும், ஆண்டுதோறும் வரும் கோடைத் தீயும் சேர்ந்து, மரம் தலையெடுக்கவே விடாமல் வைத்திருக்கின்றன.

எழுதி முடித்தபின், முடிந்துபோன காரணம் எது, இன்றும் நடந்துகொண்டிருக்கும் காரணம் எது என்று பிரியுங்கள். இன்றும் நடக்கும் காரணத்தை நிறுத்தாமல் செய்யும் எந்தச் செலவும் வீண்தான். போரினால் மொட்டையாகிப்போன தென்கொரிய மலைகள் பசுமையான கதையைச் சொல்பவர்கள், 1973-இல் தொடங்கிய பத்தாண்டுத் திட்டத்தில் நட வேண்டியதை ஆறு ஆண்டுகளிலேயே நட்டுமுடித்ததைச் சொல்வார்கள். அதற்கு முன்பே நகரங்களின் அடுப்பு விறகிலிருந்து நிலக்கரிக் கட்டிக்கு மாறத் தொடங்கியிருந்ததையும், ஊர்ச் சங்கங்கள் வழியாகவே நடவு நடந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நிலக்கரியை இன்று யாரும் பின்பற்றச் சொல்லமாட்டோம். ஆனால் அடுப்பை மாற்றாமல் காட்டை மாற்ற முடியாது என்பது நமக்கும் பொருந்தும். நம் ஊர்களில் பல வீடுகளில் எரிவாயு இணைப்பு இருக்கிறது. உருளை தீர்ந்தால் மறுபடி வாங்கக் கையில் காசு இருப்பதில்லை. ஆகவே இணைப்புகளின் எண்ணிக்கையை விட்டுவிட்டு, ஒரு வீடு ஆண்டுக்கு எத்தனை உருளை வாங்குகிறது என்று கணக்கெடுங்கள். டீக்கடை, விடுதி, பள்ளிச் சத்துணவுக்கூடம் ஆகியவற்றின் விறகுத் தேவையையும் அதே தாளில் எழுதுங்கள்.

நிலம் யாருடையது, அதிகாரம் யாருடையது

காடு பற்றிய இந்தியச் சட்டத்தின் பெரிய திருப்பம் ஒன்று நம் எல்லைப் பகுதியிலிருந்தே பிறந்தது. நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு, கூடலூர்ப் பகுதியில் மரங்கள் வெட்டப்படுவதை எதிர்த்து 1995-இல் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 12-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை, ஏட்டில் என்ன வகையாகப் பதிவாகியிருந்தாலும் காடு என்ற சொல்லின் அகராதிப் பொருளுக்குள் வரும் நிலம் காடே என்றும், மத்திய அரசின் ஒப்புதலின்றி அதை வேறு பயனுக்கு மாற்றக்கூடாது என்றும் வரையறுத்தது. வெட்டைத் தடுப்பதில் அந்த ஆணையின் பங்கு மிகப் பெரியது. ஆனால் தடை ஒன்றினாலேயே காடு திரும்ப வளர்ந்துவிடாது. வளர்ப்பவருக்கு உரிமை வேண்டும். அதற்கான கருவி 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம்.

இந்தச் சட்டத்தில் தனிநபர் நில உரிமையைப் பற்றியே பெரும்பாலும் பேசப்படுகிறது. காடு மீட்புக்கு வேண்டியது அதன் மூன்றாம் பிரிவில் உள்ள சமூக வன வள உரிமை: தலைமுறைகளாக ஊர் பயன்படுத்திக் காத்துவந்த காட்டை ஊரே காக்கவும், மீட்கவும், மேலாண்மை செய்யவும் தரப்படும் உரிமை. விண்ணப்பிக்கும் முறையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பல ஊர்களில் வேலை தடைப்படுவது இங்கேதான்.

கிராம சபையைக் கூட்டி, 10 முதல் 15 பேர் கொண்ட வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுங்கள். அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும். உரிமையை முடிவுசெய்யும் கூட்டத்துக்கு உறுப்பினர்களில் பாதிப் பேராவது வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களாக இருக்க வேண்டும் என்பது 2012-இல் திருத்தப்பட்ட விதி. சந்தை நாளிலும் கூலி வேலை மும்முரமான நாளிலும் கூட்டம் வைத்தால் இந்த எண்ணிக்கை சேராது, மாலையில் வையுங்கள். கேரளப் பக்கம் இந்த வேலையைப் பழங்குடி ஊரின் சபையான ஊருக்கூட்டத்தில் செய்வது வழக்கம். கோரிக்கையைச் ‘சி’ படிவத்தில் எழுத வேண்டும்.

சான்றுகளில் ஒன்றை மட்டும் வைக்காதீர்கள். ஒன்றுக்கு மேற்பட்ட வகைச் சான்று வேண்டும். குலதெய்வக் கோயில், இடுகாடு, தேன் எடுக்கும் பாறை, பழைய ஊர் இருந்த இடம், மாடு ஓட்டிய தடம், கிழங்கு தோண்டும் சரிவு ஆகியவற்றை நடந்து சென்று குறித்து, கையால் வரைந்த வரைபடம் ஒன்றைத் தயாரியுங்கள். முதியவர்கள் சொன்னதைத் தனித்தாளில் எழுதி, அவர்கள் கையொப்பமோ கைநாட்டோ வாங்குங்கள். அரசின் பழைய மாவட்டக் கையேடு, வனத்துறையின் செயல்திட்டம் போன்றவற்றில் ஊரின் பெயர் வரும் பக்கங்களின் நகலையும் இணைக்கலாம். பக்கத்து ஊருடன் எல்லை ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால், படிவம் கொடுக்கும் முன்பே இரு ஊர் மூப்பர்களையும் உட்காரவைத்துப் பேசி முடியுங்கள். பின்னால் எழும் தகராறு கோப்பை ஆண்டுக்கணக்கில் கிடப்பில் போட்டுவிடும்.

கிராம சபைத் தீர்மானத்துடன் கோரிக்கை உட்கோட்டக் குழுவுக்குச் சென்று, அங்கிருந்து மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவுக்குச் செல்லும். கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்; மேல் குழுவிடம் முறையிட 60 நாள் அவகாசம் உண்டு. கேரளத்தின் வாழச்சாலில் காடர் பழங்குடியினரின் ஒன்பது ஊர்கள் 2014-இல் இந்த உரிமையைப் பெற்றன. அதிரப்பள்ளி நீர்மின் திட்டம் பேச்சுக்கு வந்தபோது, அங்குள்ள மக்கள் இந்த உரிமையைக் காட்டியே எதிர்த்து நின்றனர்.

உரிமை கிடைத்ததும் காட்டைக் காக்கும் குழுவைக் கிராம சபையிலிருந்தே அமைத்து, எதை எப்போது எவ்வளவு எடுக்கலாம் என்ற மேலாண்மைத் திட்டத்தை எழுதுங்கள். சிறு வனப்பொருளை வெளியே கொண்டுபோவதற்கான அனுமதிச் சீட்டை அந்தக் குழுவே வழங்கலாம் என்று 2012 திருத்தம் சொல்கிறது. வியாபாரியிடம் விலை பேசும்போது இந்தச் சீட்டு எவ்வளவு பலம் என்பதைச் சோதனைச்சாவடியில் மூட்டையோடு காத்து நின்றவர்கள் அறிவார்கள்.

நிற்கும் மரம் சம்பாதிக்க வேண்டும்

நெல்லிக்காயை எடுத்துக்கொள்வோம். வெளியூர் வியாபாரி முன்பணம் கொடுத்துவிட்டு, காய் முற்றும் முன்பே ஆள் அனுப்புவார். ஏறிப் பறிக்க நேரமாகும் என்று கிளையோடு வெட்டிக் கீழே போட்டு உருவுவார்கள். மறு ஆண்டு அந்த மரத்தில் காய் இராது. அதற்கடுத்த ஆண்டு புல்லுருவி ஏறியிருக்கும். இதை மாற்ற ஊர் நான்கு விதிகளைத் தீர்மானமாகப் போடலாம். பறிப்புத் தொடங்கும் நாளைக் குழு அறிவிக்கும். கிளை வெட்டக் கூடாது. உச்சியில் உள்ள காயை மானுக்கும் விதைக்கும் விட வேண்டும். எடை ஊரிலேயே, ஊர்த் தராசில் போடப்படும். கடைசி விதியை விட்டுவிடாதீர்கள். எடையில் போகும் காசு மிகப் பெரியது. பறிக்கப் போகிறவர் கையில் ஒரு வெட்டரிவாளும் இருந்தால், வழியில் தெரியும் புல்லுருவியை அப்போதே அகற்றிவிடலாம்.

பச்சைக் காயாக விற்பதைவிட விதை நீக்கி உலர்த்தி விற்றால் விலை கூடும். அழுகும் பயமும் குறையும். கடுக்காய், பூந்திக்கொட்டை, சீயக்காய், தேன், சீமாற்றுக்கான ஈச்ச இலை ஆகியவற்றுக்கும் இதே போன்ற விதிகள் வேண்டும். ஈச்சில் குருத்தைத் தொடாமல் வெளி இலையை மட்டும் எடுப்பது ஒன்றே போதும், செடி ஆண்டுதோறும் தரும். முன்பணத்தின் பிடியிலிருந்து வெளியே வர மகளிர் குழுவின் சேமிப்பிலிருந்து பருவத்துக்கு முன் சிறு கடன் கொடுங்கள். பழங்குடியினருக்கான கூட்டுறவுச் சங்கமான லேம்ப் சங்கம் நல்ல நிலையில் உள்ள இடத்தில் அதன் வழியாகவும், இல்லாத இடத்தில் சிறு வனப்பொருளுக்கான அரசுத் திட்டத்தின் வன் தன் மையம் வழியாகவும் விற்கலாம்.

வயலின் வருமானமும் காட்டைக் காக்கும். அட்டப்பாடித் துவரையும் ஆட்டுக்கொம்பு அவரையும் 2022-இல் புவிசார் குறியீடு பெற்றிருக்கின்றன. மானாவாரிச் சரிவில் சாமை, ராகி, துவரை கலந்து போடும் பழைய முறைக்கு நல்ல விலை கிடைத்தால், புதிதாகச் சரிவைத் திருத்த வேண்டிய தேவையே குறைகிறது. குறியீடு கிடைத்ததாலேயே விலை உயர்ந்துவிடாது. ஒரே தரத்தில் சுத்தம் செய்து, உடைத்து, பொட்டலமிட்டு விற்கும் கூட்டு அமைப்பு வேண்டும்.

அடுத்தது, காடு தரும் நீருக்கு விலை. கோஸ்டாரிகாவில் 1980-களில் நிலப்பரப்பில் கால் பங்கு அளவுக்குக் குறைந்துபோன காடு, இன்று பாதிக்கு மேல் உயர்ந்திருக்கிறது. 1996-ஆம் ஆண்டுச் சட்டம் காட்டை வேறு பயனுக்கு மாற்றுவதைத் தடை செய்தது. 1997 முதல் காட்டை வைத்திருக்கும் நில உரிமையாளருக்கு, எரிபொருள் வரியின் 3.5 விழுக்காட்டிலிருந்து ஆண்டுதோறும் பணம் தரப்பட்டது. மாட்டுப் பண்ணைகளுக்குக் கொடுத்துவந்த சலுகைக் கடன்கள் அதற்கு முன்பே குறைந்திருந்ததும் காரணம். பணம் ஒன்றே செய்ததாகச் சொன்னால் பாதி உண்மைதான். அதே நாட்டில் ஹெரெடியா நகரில், குடிநீர்க் கட்டணத்தோடு ஒரு சிறு தொகை சேர்த்து வாங்கி, நீர் பிறக்கும் மலைக்காட்டைக் காப்பவர்களுக்குக் கொடுக்கிறார்கள்.

நமக்கு இது தொலைதூரச் செய்தியாகத் தோன்ற வேண்டியதில்லை. கோயம்புத்தூர் குடிக்கும் சிறுவாணி நீர், 1973-இல் இரு மாநிலங்களும் 99 ஆண்டுகளுக்குச் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, ஆண்டுக்கு 1.3 டிஎம்சி அளவுக்குப் பாலக்காடு மாவட்டத்து அணையிலிருந்து வருகிறது. அணைப் பராமரிப்புக்குத் தமிழ்நாடு பணம் தருகிறது. அணைக்கு மேலே மழையைப் பிடித்து வைக்கும் காட்டைக் காப்பவர்களுக்கென்று அதில் ஒரு பங்கு வைக்கக் கேட்பது நியாயமான கோரிக்கை. இதை மாநகராட்சி மன்ற உறுப்பினர்களிடமும் குடியிருப்போர் நலச் சங்கங்களிடமும் நேரில் கொண்டுபோக வேண்டியவர்கள் மலை ஊர்க்காரர்கள்தான்.

ஊராட்சி அளவில் செய்யக்கூடியதற்கு வயநாட்டின் மீனங்காடி முன்மாதிரி. அங்கு நிலத்தில் மரம் வளர்க்கும் உழவருக்கு, மரம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 50 ரூபாய் வீதம் பத்து ஆண்டுகளுக்கு வட்டியில்லாக் கடன் தரும் மர வங்கித் திட்டம் கொண்டுவரப்பட்டது. மரத்தை வெட்டினால்தான் கடனைத் திருப்ப வேண்டும். மகளின் கல்யாணத்துக்கும் மருத்துவச் செலவுக்கும் மரத்தை விற்கும் குடும்பத்துக்கு, அந்த நேரத்தில் கையில் வேறொரு காசு இருந்தாலே மரம் தப்பிவிடும்.

நிலத்தில் இறங்கும்போது

முதலில் நீர். சரிவின் உச்சியிலிருந்து தொடங்கி, சிற்றோடைகளில் கல்லடுக்குத் தடுப்புகளும், சரிவில் சம உயர வரப்புகளும் போட்டுக் கீழே இறங்கி வாருங்கள். கீழே பெரிய தடுப்பணையை முதலில் கட்டினால் ஒரே மழையில் மண் நிரம்பிவிடும். இந்த வேலையை ஊரக வேலைத் திட்டத்தில் சேர்க்கலாம். கூலி ஊருக்குள்ளேயே தங்கும்.

அடுத்து, ஏற்கெனவே இருப்பதைப் பாருங்கள். வெக்காலி, உசில், வேங்கை போன்றவற்றின் வெட்டுப்பட்ட அடிக்கட்டைகள் புதருக்குள் உயிரோடு இருக்கும். ஒரு கட்டையைச் சுற்றி உட்கார்ந்து எண்ணினால் பத்துப் பதினைந்து துளிர்கள் தெரியும். பெரும்பாலானவை ஆடு கடித்து, தீயில் கருகி, மறுபடி கிளைத்தவை. கட்டையின் அடியிலிருந்து, மண்ணை ஒட்டி வந்த துளிர்களில் நேராகவும் தடிப்பாகவும் உள்ள இரண்டு மூன்றை விட்டு மற்றவற்றைக் கூரிய கத்தியால் சீவிவிடுங்கள். ஆழமாக வேர் பிடித்த கட்டை என்பதால், விட்ட துளிர்கள் நட்ட கன்றைவிடப் பலமடங்கு விரைவாக உயரும். தண்ணீரும் ஊற்ற வேண்டாம். ஆடு மட்டும் வரக்கூடாது. அதற்குக் கம்பி வேலியைவிட ஊர்க் கட்டுப்பாடு மலிவானது: மேய்ச்சல் நிலத்தில் மூன்றில் ஒரு பகுதியை மட்டும் சில ஆண்டுகள் மூடி, அங்கிருந்து புல் அறுத்துக் கொண்டுபோக அனுமதித்து, மரம் ஆடு எட்டாத உயரத்துக்குப் போனதும் அடுத்த பகுதியை மூடுங்கள். ஆடு வைத்திருக்கும் பெண்கள் இந்த முடிவை எடுக்கும் கூட்டத்தில் இல்லையென்றால், அது ஒரு மாதம்கூட நிற்காது.

காட்டில் பரவும் களையான உண்ணிச்செடியை மேலோட்டமாக வெட்டினால் முன்னைவிட அடர்ந்து வரும். காய் பழுக்கும் முன், மண்ணுக்குச் சற்றுக் கீழே தண்டும் வேரும் சேரும் கழுத்தை வெட்டி, கட்டையைத் தலைகீழாகக் கவிழ்த்து வைக்க வேண்டும். மழைக்குப் பின் முளைக்கும் நாற்றுகளைக் கையால் பிடுங்கும் வேலை குறைந்தது மூன்று ஆண்டுகள் தொடரும். வெறுமையான இடத்தில் நம் புல் விதையை உடனே தூவிவிட வேண்டும். பணம் ஒதுக்கும்போது முதல் ஆண்டுச் செலவை மட்டும் ஒதுக்குவது வழக்கமான பிழை. உண்ணிக் குச்சியில் நாற்காலி முடையலாம். கூடலூர்ப் பகுதிப் பழங்குடிக் கைவினைஞர்கள் அதில் செய்த ஆளுயர யானைகள் 2021-இல் லண்டன் பூங்காக்களில் நின்றன. ஆயினும் களையை நம்பி நிரந்தரத் தொழில் வைத்தால் களையை வளர்க்கும் ஆசையும் வந்துவிடும் என்பதால், அதை இடைக்கால வருமானமாகவே வையுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு வெற்றிடமாக இருக்கும் இடத்தில் நடுங்கள். அட்டப்பாடியின் சோலையூர், புதூர், அகளி ஊராட்சிகளின் மேற்குப் பகுதி பெருமழை பெறும்; ஆனைகட்டியை ஒட்டிய கிழக்கு மழைமறைவில் கிடக்கிறது. ஒரே நாற்றங்காலின் ஒரே பட்டியல் இரண்டுக்கும் ஆகாது. கிழக்கில் ஆச்சா, உசில், வெள்வேல், வேம்பு, நெல்லி; ஓடைக்கரையில் நீர்மருது, நாவல், புங்கன், மூங்கில். வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது நட்டால் கன்று வேர்பிடிக்க ஈரம் இருக்கும். எங்கே முதல் குழி எடுப்பது என்பதைப் பழங்குடி ஊரின் மண்ணூக்காரரிடம் கேளுங்கள். மண்ணின் குணம் அறிந்தவர் அவர். வீட்டை ஒட்டிப் பலாவும் மூங்கிலும் வைத்தால் யானை வாசலுக்கு வரும். அவற்றை ஊரை விட்டுத் தள்ளி நடுங்கள்.

அரசிடம் கேட்க வேண்டியவை

பட்டா நிலத்தில் ஈட்டி மரம் வளர்ப்பவர் பிற்காலத்தில் அதை விற்க அலைய வேண்டியிருக்கும் என்று அஞ்சி, கன்றாக இருக்கும்போதே பிடுங்கிவிடுகிறார். ஆகவே நாட்டு மரங்களுக்கு எளிய பதிவு முறை வேண்டும். ஆனால் அவசரத் தளர்வு என்ன செய்யும் என்பதையும் பார்த்தோம்: 2020 அக்டோபரில் கேரள வருவாய்த் துறை பட்டா நில மரங்களை வெட்ட அனுமதித்த உத்தரவைக் காட்டி வயநாட்டின் முட்டிலில் பழம்பெரும் ஈட்டி மரங்கள் வெட்டப்பட்டன, 2021 பிப்ரவரியில் உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. முதலில் இருக்கும் மரங்களைக் கணக்கெடுத்துப் பதிந்துவிட்டு, பதிவுக்குப் பின் நட்டவற்றுக்கு மட்டும் தடையற்ற உரிமை தருவதே சரியான வரிசை.

14-ஆவது நிதிக்குழு மாநிலங்களுக்கான வரிப் பகிர்வில் காட்டுக்கு 7.5 விழுக்காடு எடை கொடுத்தது. 15-ஆவது நிதிக்குழு அதை 10 ஆக்கியது. காடு இருப்பதால் மாநிலக் கருவூலத்துக்கு வரும் இந்தப் பணத்தில் ஒரு பகுதியைக் காடுள்ள ஊராட்சிகளுக்கு நேரே பகிர வேண்டும் என்று கிராம சபைத் தீர்மானம் போட்டு, சட்டமன்ற உறுப்பினரிடம் கொடுங்கள். 2022-இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம் காடு, மரப் பரப்பை 33 விழுக்காடாக்க இலக்கு வைத்திருக்கிறது. நட்ட கன்றின் எண்ணிக்கையைவிட, மூன்றாம் ஆண்டில் உயிரோடிருப்பதைப் பொறுத்துத் தொகை விடுவிக்கக் கேளுங்கள். தீ எந்தப் பக்கம் மூண்டாலும் மறுபக்கம் தாண்டும் என்பதால், கோடைக்கு முன் இரு மாநில வனச்சரக அலுவலர்களும் எல்லை ஊர்களும் சேர்ந்து தீத்தடுப்புக் கோடு வெட்டும் கூட்டமொன்றை ஆண்டுதோறும் கேட்டுப் பெற வேண்டும்.

கணக்கு

ஊர்க் குழு ஒரு பேரேடு வைக்கட்டும். மூடிய பகுதியில் பத்து இடங்களைக் கல் நட்டுக் குறித்து, ஆண்டுக்கொருமுறை அதே மாதத்தில், அதே கல்லில் நின்று புகைப்படம் எடுங்கள். அங்குள்ள கட்டைத் துளிரின் உயரம், உண்ணி நாற்றின் எண்ணிக்கை, பள்ளத்தில் நீர் நிற்கும் கடைசி நாள், ஊரில் எடை போட்ட நெல்லிக்காயின் கிலோ, வீட்டுக்கு வந்த தொகை, வாங்கிய எரிவாயு உருளைகள் ஆகியவற்றை அடுத்தடுத்த கட்டங்களில் எழுதுங்கள். மரம் கூடியும் வீட்டு வருமானம் குறைந்திருந்தால், அந்த ஆண்டுக் கூட்டத்தில் பறிப்பு விதியையும் மேய்ச்சல் விதியையும் முதலில் எடுத்துப் பேசித் திருத்துங்கள். பேரேட்டை எழுத ஒருவரையும், சரிபார்க்க வேறு குடும்பத்துப் பெண் ஒருவரையும் நியமித்து, இருவருக்கும் குழு நிதியிலிருந்து மாதச் சிறு தொகை கொடுங்கள்.